அரைக் கிலோமீட்டர் முன்னால்

லவேயான், சோலோ
சனிக்கிழமை காலை

மரியாதைக்குரிய அண்ணன் மாஸ் ஹனுங் அவர்களுக்கு,

உங்கள் மேலும், ஜகார்த்தாவில் நீங்கள் தனியாக வாழும் அந்தப் பதினேழாவது மாடியின் மேலும் இறைவனின் அமைதி உண்டாகட்டும். இங்கு நான், அம்மா, என் மனைவி ரெத்னோ மூவரும் அவன் அருளால் ஒரு குறையுமின்றி இருக்கிறோம். இந்த வரியை எழுதாமல் கடிதம் தொடங்கக் கூடாது என்று அப்பா கற்றுக்கொடுத்தார். அவருடைய கால் எடுக்கப்பட்ட மறுநாள், அத்தைக்கு அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதமும் இப்படித்தான் தொடங்கியது. ஒரு குறையுமின்றி.

தாளில் எழுதக் காரணம் உண்டு. கைபேசியில் எழுதினால் முறுக்கிய புஜத்தின் படம் ஒன்றை அனுப்புவீர்கள். நான்கு மாதமாக அதைத்தான் அனுப்புகிறீர்கள். எண்ணிப் பார்த்தேன், நூற்றுப் பன்னிரண்டு புஜங்கள். தாளுக்கு அப்படிப் பதில் சொல்ல முடியாது.

விஷயம் இதுதான். நான் ஓடுவதை நிறுத்திவிட்டேன். பதின்மூன்று நாளாகிறது. இனி ஓடமாட்டேன். காரணம் நீங்கள். எப்படி என்று சொல்கிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு உறைக்கும். நோன்புப் பெருநாள் முடிந்த வாரம். நீங்கள் வேலை என்று சொல்லி வராமல்விட்ட பெருநாள். அம்மாவின் மடியில் தலைவைத்து மன்னிப்புக் கேட்க இந்த வருடம் நான் ஒருவன்தான் இருந்தேன், உங்கள் பங்கையும் சேர்த்து நானே கேட்டேன். அந்த வாரம் சுகாதார நிலையத்தில் என் ரத்தத்தைப் பார்த்த டாக்டர் பெண் என்னைவிடப் பத்து வயது சிறியவர். காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"அப்பாவுக்கு சர்க்கரை இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எப்படி ஆரம்பிச்சுது?"

"செருப்பு கடிச்சுது. கட்டைவிரல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் முழங்காலுக்குக் கீழ எதுவும் இல்ல."

அவர் சிரிக்கவில்லை. நானும் அவரைச் சிரிக்கவைப்பதற்காகச் சொல்லவில்லை.

"நாலு மாசம் தர்றேன். ஆகஸ்ட்ல மறுபடி பாப்போம். அதுவரைக்கும் ஓடுங்க. ஓடுவீங்களா?"

"பஸ்ஸுக்கு ஓடுவேன்."

"தினமும் பஸ்ஸ விடுவீங்களா?"

"இல்ல."

"அப்ப பஸ் இல்லாமலே ஓடுங்க."

அன்று உங்களைத்தான் கூப்பிட்டேன். பயமாக இருக்கிறது என்று சொன்னேன். முப்பத்தேழு வயதில் இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது. அப்பாவைக் குளியலறைக்குத் தூக்கிப் போனவன் நான். அந்தக் கால் எவ்வளவு கனமில்லாமல் இருந்தது என்று எனக்குத் தெரியும். நீங்கள் கேட்டுவிட்டுச் சொன்னீர்கள்: "உடம்பு நிக்காது ஜோ. மனசுதான் முதல்ல நிக்கும். மனச ஏமாத்து. நானும் ஓடுறேன். நீ அங்க, நான் இங்க. யாரு எவ்வளவுன்னு பாத்துக்குவோம்." அந்த ஓட்டச் செயலியை என் கைபேசியில் இறக்கச் சொன்னீர்கள். நீங்களும் இறக்கினீர்கள். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர். அந்த இரவு தூங்கினேன்.

முதல் நாள். நம் சந்து உங்களுக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை. இரண்டு பக்கமும் உயர்ந்த மதில், நடுவில் இரண்டு சைக்கிள் போகும் அகலம், விடிந்தால் வாசலுக்கு ஒருவர் துடைப்பத்தோடோ கூண்டுப் புறாவோடோ உட்கார்ந்திருப்பார்கள், அவர்களைக் கடக்கும்போது முதுகை வளைத்து, வலது கையைத் தாழ்த்தி, "மொங்கோ" என்று சொல்லி அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும், இல்லையென்றால் இன்னாரின் மகன் நிமிர்ந்து போனான் என்று மாலைக்குள் அம்மாவின் காதுக்கு வந்துவிடும், ஆனால் மாஸ், ஓடிக்கொண்டே குனிய முடியாது, முயன்றேன், தலை முன்னால் போகிறது, கால் பின்னால் நிற்கிறது, மூன்றாவது வீட்டு வாசலில் வாளியில் விழுந்தேன், எழுந்து வாளியிடமும் "மொங்கோ" என்றேன். ஏழாவது வீட்டில் பெரியவர் பாக் சுரோத்தோ.

"யாரு செத்தா?"

"யாரும் சாகல, பாக்."

"அப்புறம் எதுக்கு ஓடுற?"

"சும்மா ஓடுறேன்."

"சும்மா ஓடுறதுக்கு நீ என்ன கோழியா? உக்காரு. டீ குடி."

மூத்தவர் உட்காரச் சொன்னால் உட்கார வேண்டும். டீயில் நம் ஊர் வழக்கப்படி மூன்று கரண்டி சர்க்கரை. முதல் ஓட்டத்தின் விவரம்: ஒன்று புள்ளி ஒன்று கிலோமீட்டர், முப்பத்தொரு நிமிடம், ஒரு சர்க்கரைத் தண்ணீர், வேகவைத்த நிலக்கடலை ஒரு பிடி. செயலி என்னை வாழ்த்தியது. இது என் வாழ்நாளின் மிக வேகமான கிலோமீட்டர் என்றது. பொய்யில்லை. வேறு கிலோமீட்டரே என் வாழ்நாளில் கிடையாது.

உங்களிடம் முறையிட்டேன். "விடியறதுக்கு முன்னாடி ஓடு, யாரும் இருக்க மாட்டாங்க" என்றீர்கள். ஜகார்த்தாவில் இருந்து இருந்து உங்களுக்கு எல்லாம் மறந்துவிட்டது. விடிவதற்கு முன்னால் கிளம்பினேன். பள்ளிவாசலில் அதிகாலைத் தொழுகை முடிந்து மொத்தக் கூட்டமும் எதிரே வந்தது. நாற்பது பேர். நாற்பது பேரும் என்னைவிட மூத்தவர்கள். சந்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நான் முதுகு நிமிராமல் போனேன். அன்று ஓடிய தூரம் பூஜ்யம். இடுப்பு வலி மூன்று நாள்.

அதற்குப் பிறகுதான் மனஹான் மைதானத்துக்குச் சைக்கிளில் போய் ஓட ஆரம்பித்தேன். அங்கே யாரும் யாருக்கும் குனிவதில்லை. ஆனால் வேறொன்று இருந்தது. மரத்தடியில் கேமராவோடு உட்கார்ந்து ஓடுகிறவர்களை எல்லாம் படமெடுத்து இணையத்தில் விற்கிற ஆட்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கும்; எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் அழகான ஓட்டக்காரர்களை அழகாக எடுப்பார்கள். என்னையும் எடுத்தார்கள். கண் பாதி மூடி, நாக்கு ஒரு பக்கமாக வெளியே தொங்க, ஒரு கை வயிற்றைப் பிடித்திருக்கிறது. அதை நான் வாங்கவில்லை. நான் வேலைபார்க்கும் கல்லூரி நூலகத்தில் யாரோ வாங்கியிருக்கிறார்கள். இப்போது எங்கள் அலுவலகக் குழுவில் அது ஸ்டிக்கர். கூட்டம் நீண்டால் என் முகம். கணினி பழுதானால் என் முகம். கல்லூரி முதல்வரே ஒரு நாள் அனுப்பினார். அது யார் முகம் என்று அவருக்குத் தெரியாது.

இவற்றையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். இவை வெளியே நடந்தவை.

உள்ளே நடந்தது வேறு. மனசை ஏமாற்று என்றீர்கள். ஏமாற்றினேன். அடுத்த விளக்குக் கம்பம் வரைக்கும் மட்டும் என்று சொல்வேன். கம்பம் வந்ததும் இன்னும் ஒன்று என்பேன். மூன்று நாளில் அது கண்டுபிடித்துவிட்டது. என் மனம்தானே. என் பொய்களோடு முப்பத்தேழு வருடம் குடித்தனம் நடத்தியது. முதல் கம்பத்திலேயே நின்று, மீதியையும் சொல்லிவிடு, எத்தனை கம்பம், என்று கேட்டது. பாட்டு கேட்டேன். பாட்டு முடிந்தது, தூரம் முடியவில்லை. பாராட்டிக்கொண்டேன். நல்லா ஓடுற ஜோ, நல்லா ஓடுற. நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் ஓடிய ஒரு பெண் தள்ளிப் போனாள். அப்பாவை நினைத்தேன். அப்பாவை நினைத்தால் ஓட முடியவில்லை. உட்கார்ந்துவிடத்தான் தோன்றியது.

இன்னொன்று. ஓடி முடித்தவர்கள் எல்லோரும் நேரே சாப்பாட்டுக் கடைக்குப் போகிறார்கள். தேங்காய்ப்பால் சோறு, இனிப்பு டீ. இரண்டு கிலோமீட்டர் ஓடி ஐந்து கிலோமீட்டர் சாப்பிடுகிற ஊர் இது. நான் தண்ணீர் பாட்டிலோடு அவர்களைக் கடந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவேன். அப்போதுதான், ஓடும்போதுகூட அல்ல, இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். ஒவ்வொரு நாளும், அதே இடத்தில்.

ஒன்று மட்டும் வேலை செய்தது. நீங்கள்.

செவ்வாயன்று நான் இரண்டு ஓடினால், புதனன்று உங்கள் பெயருக்கு எதிரே இரண்டரை. நான் மூன்று. நீங்கள் மூன்றரை. எப்போதும் அரைக் கிலோமீட்டர். இரண்டு கிலோமீட்டர் முன்னால் போயிருந்தால் விட்டிருப்பேன். அரைக் கிலோமீட்டர் என்பது என்ன? மைதானத்தைச் சுற்றி ஒரு வளைவு, மூச்சை ஒரு தடவை கூடப் பிடித்துக்கொள்ளும் தூரம். நாளைக்கு எட்டிவிடலாம் என்று தோன்றும். காலையில் ரெத்னோ எழுப்பமாட்டாள், கடிகாரம் எழுப்பாது, அந்த அரைக் கிலோமீட்டர் எழுப்பும். இது அன்பு என்று சொல்லமாட்டேன். நாற்பத்து நாலு வயது, எப்போதும் நாற்காலி, எப்போதும் குளிர்சாதனம், அந்த ஆள் என்னை எப்படி முந்தலாம் என்ற எரிச்சல். அப்பா படுத்திருந்த பதினாலு மாதமும் நான் இங்கே. நீங்கள் அங்கே. அதிலாவது நான் முன்னால் இருந்தேன் என்று நினைத்திருந்தேன். இப்போது ஓட்டத்திலும் நீங்களா?

அந்த எரிச்சலிலேயே ஐந்து கிலோமீட்டருக்கு வந்துவிட்டேன். நிற்காமல். இடுப்புவார் இரண்டு துளை உள்ளே போனது. டாக்டர் பெண் விரலில் குத்திப் பார்த்துத் தலையாட்டினார். உங்களிடம் சொல்லவில்லை. ஐந்தரை ஓடிவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. உங்கள் ஓட்டங்களில் தூரமும் நேரமும் மட்டும்தான் தெரியும், வழித்தடம் மறைத்திருக்கும். கேட்டதற்கு, "பெரிய ஊரு ஜோ, வீடு எங்கன்னு தெரிஞ்சா திருட்டு பயம்" என்றீர்கள். அந்த வெள்ளிக்கிழமை வழித்தடம் தெரிந்தது. முட்டை வடிவ வட்டம். வடக்கு வாசல் பக்கம் வாழைப்பழப் பஜ்ஜிக் கடைக்கு ஒரு வால் நீண்டு திரும்புகிறது. அந்த முட்டையை நான் தூக்கத்திலும் அடையாளம் சொல்வேன். மனஹான்.

நீங்கள் சோலோவில் இருக்கிறீர்கள். எங்களிடம் சொல்லாமல் வந்து, விடுதியில் தங்கி, மைதானத்தைச் சுற்றி ஓடிவிட்டு, வீட்டுக்கு வராமல் திரும்பியிருக்கிறீர்கள். வேறு எப்படி நினைப்பேன்? எங்கே இருக்கிறீர்கள் என்று செய்தி அனுப்பினேன். "ஜகார்த்தாதான். வேலை கழுத்து வரைக்கும்." ஒரு புஜம்.

அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

"இங்க வந்து ஓடிட்டுப் போயிருக்கானா?"

"ஆமா."

"வீட்டுக்கு வராமலா?"

"அஞ்சரைக் கிலோமீட்டர் ஓடியிருக்காரும்மா. நம்ம வீடு ரெண்டு கிலோமீட்டர்."

அம்மா "அதுக்கு மேல ஓட முடிஞ்சிருக்காது, பாவம்" என்றார்.

இதுதான் அம்மா. பதினாலு மாதம் பெட்பேன் எடுத்தவன் எதிரே நிற்கிறேன். பாவம் என்பது உங்களுக்கு. ஞாயிறு மறுபடி ஓடுவார் என்று நான் கணக்கிட்டுச் சொன்னதும் சனி இரவே வெல்லத்தில் சோயா டெம்பேத் துண்டுகளைப் போட்டுக் கொதிக்கவைத்துவிட்டார். உங்களுக்குப் பிடித்தபடி, அடியில் கொஞ்சம் கருக. டப்பாவை என்னிடம் கொடுத்தபோது ரெத்னோ சொன்னாள்: "அவரு வரமாட்டாரு. வந்தாலும் திங்கமாட்டாரு. டப்பாவ மட்டும் தொலைச்சிடாதீங்க."

ஞாயிறு ஐந்து மணிக்கே வடக்கு வாசலில் நின்றேன். ஓடப் போகவில்லை. பிடிக்கப் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று சைக்கிளில் வரும்போதே நான்கு வாக்கியம் தயாரித்திருந்தேன். ஐந்தரை மணி இருக்கும், உங்கள் முதுகு என்னைக் கடந்தது. அதே உச்சி வழுக்கை, அதே இடது தோள் சரிவு. "மாஸ்" என்று கத்தினேன். மைதானத்தில் முப்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள், அந்த முதுகு மட்டும் திரும்பவில்லை, திரும்பாதது நீங்கள்தான் என்பதற்கு அதுவே சாட்சி என்று நினைத்துக்கொண்டு டப்பாவை மார்போடு அணைத்தபடி ஓடினேன், ஒரு முழுச் சுற்று, வெல்லப்பாகு சட்டைக்குள் வழிய, கேமரா மரத்தைக் கடந்து, கட்டெறும்பு ஒன்று கழுத்தில் ஏற, கடைசியில் தோளைத் தொட்டேன். திரும்பியவருக்கு மீசை இருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே டப்பாவைப் பார்த்தார்.

"எவ்வளவு?"

"விக்கிறதுக்கில்ல."

"அப்புறம் ஏன்யா தொரத்துற?"

வாசல் பக்கமாக வந்து நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தேன். என் கைபேசி துடித்தது. 'ஹனுங் தன் ஓட்டத்தை முடித்தார். ஐந்தரை கிலோமீட்டர்.'

நிமிர்ந்தேன். வாசலில் அந்த நொடியில் ஓட்டத்தை நிறுத்தியவர் ஒரே ஒரு ஆள். நாற்பத்தைந்து வயதுப் பெண். தலையை மூடிய துணி, பள்ளிக்கூட உடற்பயிற்சி ஆசிரியர்கள் போடும் நீலக் கால்சட்டை. இடுப்புப் பையில் மூன்று கைபேசிகள். அதில் ஒன்றை எடுத்து அப்போதுதான் அழுத்தியிருந்தார். எட்டிப் பார்த்தேன். உங்கள் பெயர். உங்கள் படம்.

"இது யாரோட போன், இபு?"

"என்னோடது."

"ஹனுங்னு போட்டிருக்கே."

"பேரெல்லாம் படிக்காதீங்க, பாக். வாடிக்கைக்காரங்க ரகசியம்."

"நான் அவரு தம்பி."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலணியைப் பார்த்தார்.

"பிரசோஜோவா?"

"ஆமா."

"உங்களாலதான் என் முட்டி போச்சு. ஏப்ரல்ல நிம்மதியா ரெண்டு கிலோமீட்டர் ஓடிட்டிருந்தேன். ஒரு வாரமாவது படுத்துக் கெடக்க மாட்டீங்களா?"

அவர் பெயர் வார்சினி. இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காசுக்கு மற்றவர்கள் பெயரில் ஓடித் தருகிறவர்; இணையத்தில் அவர் விளம்பரத்தைப் பார்த்து நீங்களே பிடித்த ஆள். ஆனால் அவர் பதினெட்டு வருடமாக ஒரு ஆரம்பப் பள்ளியில் நிரந்தரமாகாத ஆசிரியை என்பதும், அவர் ஓடுவது என் மைதானத்தில் என்பதும் உங்களுக்குத் தெரியாது. ஊர் எது என்று கேட்கக்கூட இல்லை நீங்கள். வழித்தடத்தை மறைத்தால் போதும் என்றிருக்கிறீர்கள். அந்த வெள்ளிக்கிழமை அவர் மறைக்க மறந்துவிட்டார். உங்களைத் தவிர ஒரு வங்கி மேலாளருக்காகவும், கல்யாணம் நிச்சயமான ஒரு பெண்ணுக்காகவும் ஓடுகிறார். அவர்களுக்கு அன்று இன்னும் இரண்டு சுற்று பாக்கி இருந்தது.

"இது ஏமாத்து வேல இல்லையா, இபு?"

"என்ன ஏமாத்து? ஓடினது ஓடினதுதான. கால் மட்டும்தான் வேற."

"என்ன சொல்லி ஓடச் சொன்னாரு?"

"ஒரே ஒரு கட்டளதான். தம்பி கடைசியா எவ்வளவு ஓடினானோ அதவிட அரைக் கிலோமீட்டர் கூட. அதுக்கு மேலயும் வேணாம், கீழயும் வேணாம். கிட்டத்துல இருக்கணும், ஆனா புடிச்சிடக் கூடாதுன்னாரு."

"அவரே ஓடினா என்னவாம்?"

"கால்ல ஏதோ புண்ணாம். பெருநாளுக்கு முன்னாடி செருப்பு கடிச்சதாம். ஆறுற வரைக்கும் நீங்க ஓடுங்கன்னாரு. நாலு மாசமா அதையேதான் சொல்றாரு."

எனக்குக் காதில் விழுந்தது அரைக் கிலோமீட்டர் மட்டும்தான். என்னைத் தோற்கடிக்கக்கூட நீங்கள் நேரில் வரவில்லை. ஆள் வைத்திருக்கிறீர்கள்.

நிறுத்துங்கள் என்று இபு வார்சினியிடம் சொன்னேன். முடியாது என்றுவிட்டார். "மாசக் கடைசி வரைக்கும் வாங்கியாச்சு, பாக். ஓடாம விட்டா அந்தக் காசு ஹராம்."

"நான் இனிமே ஓடப் போறதில்ல."

"அப்ப உங்க கடைசி கணக்கு அஞ்சு. நான் அஞ்சரையே ஓடிட்டிருப்பேன். நல்லதுதான், முட்டிக்குப் பழகிடும்."

பிறகு டப்பாவில் என்ன என்று கேட்டார். கொடுத்தேன். நின்றபடியே ஐந்து துண்டு சாப்பிட்டார். விரலைத் துடைத்துக்கொண்டு மீதி இரண்டு சுற்றை ஓடப் போனார். அவர் ஓடுவது அழகாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். நான்கு மாதமாக அதைத்தான் துரத்தியிருக்கிறேன்.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றார்.

"சாப்பிட்டானா?"

"ஓடினவங்க சாப்பிட்டாங்க."

"மெலிஞ்சா போயிருக்கான்?"

"மெலிஞ்சுதான் இருந்தாங்க, அம்மா."

ரெத்னோ டப்பாவை வாங்கி மூடியைச் சரிபார்த்தாள்.

அன்றிலிருந்து படுத்திருக்கிறேன். ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. உடம்புக்குச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. கூரையைப் பார்க்கிறேன். எழுந்திருக்க ஒரு காரணம் தேடுகிறேன். ஆரோக்கியம். அது காரணமில்லை, சுவரொட்டி. ரெத்னோ. அவள் என்னை ஓடச் சொன்னதே இல்லை. நான் ஓடிய நான்கு மாதமும் ஓர் எரிச்சலில்தான் ஓடினேன், அந்த எரிச்சலுக்கு எதிரே ஒரு மனிதன் இருந்தான் என்று நம்பினேன், அங்கே வேலை நிரந்தரமாகாத ஓர் ஆசிரியைதான் இருந்தார், என்னைவிட வேகமாக, என் மேல் எந்தக் கோபமும் இல்லாமல். எதிரியும் வாடகை. எரிச்சல் மட்டும்தான் சொந்தம். அதை வைத்துக்கொண்டு ஒருவன் எவ்வளவு தூரம் ஓடுவான்?

நீங்கள் எப்போதும் இப்படித்தான். அப்பா விழுந்தபோது செவிலியை அனுப்பினீர்கள். கழிவறை நாற்காலி கூரியரில் வந்தது. அதைப் பூட்ட ஓர் ஆளும் வந்தான். அடக்கத்தன்று இரவு விமானத்தில் வந்து காலை விமானத்தில் போனீர்கள், இடையில் குழி தோண்டியவர்களுக்கு உங்கள் கையால் காசு கொடுத்தீர்கள். பெருநாளுக்கு அம்மாவுக்குப் பிரம்புக் கூடையில் பிஸ்கட். உங்கள் பாசம் எப்போதும் யாரோ ஒருவர் தோளில்தான் வந்து இறங்கும். அப்பாவின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்க எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. செவிலியை அல்ல நான் கேட்டது. நான் கேட்கவே இல்லை என்று சொல்வீர்கள். கேட்கவில்லைதான்.

ஆகவே என் முடிவுகள். ஓடமாட்டேன். காலணியை மைத்துனனுக்குக் கொடுக்கப் போகிறேன். ஆகஸ்டில் ரத்தம் என்ன சொல்கிறதோ சொல்லட்டும், மாத்திரை விழுங்குவேன். செயலியை இன்று அழித்துவிடுவேன். நீங்கள் இனி எனக்குப் புஜம் அனுப்ப வேண்டாம். அடுத்த பெருநாளுக்கும் வர வேண்டாம். வந்தால் நான் ரெத்னோவின் ஊரில் இருப்பேன். ஜகார்த்தாவில் உங்கள் வாசலை நான் மிதிக்கப் போவதில்லை. இதை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

அம்மா உங்களுக்குத் தன் ஆசியைச் சொல்லச் சொன்னார், ஒரு நாளைக்கு ஐந்து முறை, நான் கேட்காமலே. ரெத்னோ மரியாதையைத் தெரிவிக்கிறாள். மூத்தவரிடம் குரல் உயர்த்தியதற்காக, வெளியே தெரிந்த பிழைகளையும் உள்ளே மறைந்த பிழைகளையும் மன்னியுங்கள். உள்ளே உள்ளவை அதிகம். இறைவன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், பதினேழு மாடி ஏறி இறங்க மின்தூக்கியையும் பழுதில்லாமல் வைத்திருக்கட்டும்.

உங்கள் கீழ்ப்படிந்த தம்பி,
பிரசோஜோ

பி.கு.: இன்று செவ்வாய். கடிதம் மூன்று நாளாக என் சட்டைப் பையில் இருந்தது. ஞாயிறன்று ரெத்னோ சட்டையைத் துவைக்க எடுத்தபோது படித்துவிட்டாள். கடைசிவரை படித்தாள். ஒன்றுதான் கேட்டாள்.

"எந்த விரல்?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன், அதைக் கேட்கவில்லை. நீங்கள் பெருநாளுக்கு ஏன் வரவில்லை என்று இப்போது தெரிகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு அம்மாவின் முன்னால் மண்டியிட வேண்டுமே.

டாக்டர் பெண்ணிடம் நேற்றுப் போய், நான்கு மாதமாக ஆறாத புண்ணைப் பற்றிச் சொன்னேன். யாருக்கு என்று சொல்லவில்லை. "வலிக்குதாமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "வலிச்சா பரவால்ல. வலிக்கலன்னா அன்னிக்கே கூட்டிட்டு வாங்க" என்றார். மாஸ், வலிக்கிறதா? வலிக்கிறது என்று சொல்லுங்கள்.

வியாழன் காலை ஏழு மணிக்கு ஜகார்த்தா வந்து இறங்குகிறேன். பயணச்சீட்டு எடுத்தாயிற்று. இந்தக் கடிதம் நாளையே உங்கள் கையில் கிடைக்கும்படி அனுப்புகிறேன். மேலே எழுதியதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், இதை மட்டும் படியுங்கள். ரயில் நிலையத்துக்கு வராதீர்கள். கீழே இறங்கிக் கதவு திறக்க வேண்டாம். சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவைக்க யாரையாவது அனுப்புங்கள். இந்த ஒரு தடவை நீங்கள் ஆள் வைத்தால் எனக்குக் கோபமில்லை. வெந்நீரில் கழுவாதீர்கள். அப்பாவுக்கு அதைத்தான் செய்தோம். பெரிய மருத்துவமனைக்கு நாம் இருவரும் போகிறோம். ஒரு பக்கம் நான் பிடித்துக்கொள்கிறேன்.

அம்மாவிடம் நூலகத்துக்குப் புத்தகம் வாங்கப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று மூன்று கிலோமீட்டர் ஓடினேன். இரண்டு தடவை நின்றேன். இன்று காலை நீங்கள் மூன்றரை ஓடியிருக்கிறீர்கள். வியாழன்வரை அந்தப் பாதம் தரையில் படக் கூடாது.